ஹெல்த் எகனாமிக்ஸ் எம்.எஸ்சி: சேரும் முன் என்ன படிக்கணும்? டிசர்ட்டேஷன் மாடல் எங்கே கவிழும்?

#1 பார்ம்டி_கோவை

வணக்கம். பார்ம்.டி முடிச்சாச்சு. செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. ரெண்டு இடத்தில் சீட் இருக்கு, இன்னும் முடிவு பண்ணலை. கையில் நாலு மாசம். ப்ளஸ் டூவுக்குப் பிறகு கணக்குப் பக்கம் போனதில்லை.

கேள்விகள்: எந்தக் கணக்கு, எவ்வளவு ஆழம்? எக்செல் போதுமா, ஆர் (R என்ற புள்ளியியல் மென்பொருள்) கத்துக்கணுமா? டிசர்ட்டேஷனுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" எடுத்து, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பது செலவுக்குத் தகுந்த பலன் தருதான்னு மார்க்கோவ் மாடல் (ஆட்கள் ஒரு உடல்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதைச் சுழற்சி சுழற்சியாகக் கணக்கிடுவது) போட நினைக்கிறேன். செய்ய முடிகிற வேலையா?

#2 வட்டிவீதம்

சீட்டை முடிவு பண்ணும் முன் மாட்யூல் பட்டியலை எடுத்துப் பாருங்க. ஒரே பெயரில் மூணு வகைப் படிப்பு நடக்குது. பொருளாதாரத் துறைக்குள்ளேயே நடப்பது ஒன்று. யார்க் 1978 முதல் நடத்துவது அந்த வகை. மைக்ரோவும் (தனிநபர், நிறுவனங்களின் தேர்வு பற்றிய பொருளாதாரம்) எகனாமெட்ரிக்ஸும் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) தப்பிக்க முடியாத பாடம், பொருளாதாரம் படிக்காதவங்களுக்கு முன்கூட்டியே தனி வகுப்பும் உண்டு. இரண்டாவது, மாடல் கட்டுவதே முதுகெலும்பாக இருப்பது. ஷெஃபீல்டின் படிப்புப் பெயரிலேயே "டிசிஷன் மாடலிங்" இருக்கு. மூன்றாவது, கொள்கை, நிர்வாகம், சட்டம் கலந்தது: எல்.எஸ்.இ., ராட்டர்டாம் பக்கம். எது உசத்தி என்பது பேச்சில்லை. மருந்து மதிப்பீட்டு வேலைக்குப் போக நினைப்பவர் மூன்றாவதில் சேர்ந்தால் வருட முடிவில் கட்டுரைகள் இருக்கும், கையில் ஒரு மாடல் இருக்காது.

கணக்குக்கு வருவோம். பொருளாதாரத் துறைப் படிப்பென்றால் லாக்ராஞ்ச் முறை (ஒரு வரம்புக்குள் அதிகபட்சத்தைக் கண்டுபிடிப்பது) தெரியணும். இதைத் தாளில் போட்டுப் பாருங்க: வருமானம் 1,000. ஆரோக்கியச் சேவை ஒன்றின் விலை 10, மற்ற பொருளின் விலை 1. பயன்பாட்டுச் சார்பு, ஆரோக்கியத்தின் 0.3 அடுக்கு பெருக்கல் மற்றதின் 0.7 அடுக்கு. விடை 30, 700. பார்க்காமல் 15 நிமிஷத்தில் வந்தால் மைக்ரோ வகுப்பில் மூச்சுத் திணறாது. வரலைன்னா முதல் மாசத்தை அதுக்கே கொடுங்க. 1972-ல் பொருளாதார நிபுணர் கிராஸ்மன் போட்ட மாடல், உடம்பை வயசாக ஆகத் தேயும் ஒரு மூலதனமாகப் பார்ப்பது. அதில் இந்தக் கருவிதான் காலத்தோடு சேர்ந்து ஓடுது.

பொருளாதார நிபுணர் ஆரோ மருத்துவச் சந்தை பற்றி 1963-ல் எழுதின கட்டுரையை எல்லாரும் வாசிப்புப் பட்டியலில் போடுவாங்க. கணக்குப் பகுதி பின்னிணைப்பில்தான். முதல் வாசிப்பில் அதை விட்டுட்டு, நோயாளிக்குத் தெரியாததும் வைத்தியருக்குத் தெரிவதும் சந்தையை எப்படிக் கோணலாக்குதுன்னு பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் நடந்த ராண்ட் இன்சூரன்ஸ் சோதனையை (1974 முதல் 1982 வரை) மட்டும் மேலோட்டமாக விடாதீங்க. கைக்காசு கூடக் கொடுக்க வேண்டியிருந்தவங்க சேவையைக் குறைவாகப் பயன்படுத்தினாங்க, சராசரி ஆளின் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் இல்லைன்னு வகுப்பில் சொல்வாங்க. விதிவிலக்கு எங்கேன்னு கேட்பாங்க. அதில் முக்கியமானது, ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவங்க. இலவசச் சிகிச்சையில் அவங்க அழுத்தம் நல்லாக் கட்டுப்பட்டது. உங்க தலைப்பே அதுதான்.

#3 ஈரோட்டுக்_கணக்கு

லாக்ராஞ்ச் பரீட்சைக்கு. வேலைக்கும் டிசர்ட்டேஷனுக்கும் லாகரிதம், அடுக்கு, அணிப் பெருக்கல், இந்த மூணுதான். மூணில் லாகரிதத்தில்தான் ஆட்கள் விழறாங்க.

ஒரு நோயின் ஆண்டு நிகழ்தகவு 0.20. மாடலை மாசம் மாசமாக ஓட்டினால், ஒரு மாசச் சுழற்சிக்கு என்ன போடணும்? 12-ஆல் வகுத்து 0.0167 போடுறவங்கதான் அதிகம். 12 மாசம் ஓட விட்டால் 18.3 சதவீதம்தான் வரும். சரியான வழி: 1 கழித்தல் 0.8-இன் 1/12 அடுக்கு, அதாவது 0.0184. நிகழ்தகவை நேராக வகுக்கக் கூடாது. வீதமாக மாற்றி, வகுத்து, திரும்ப நிகழ்தகவாக்கணும்.

#4 பார்ம்டி_கோவை

@ஈரோட்டுக்_கணக்கு வித்தியாசம் 0.0017 தானே?

#5 ஈரோட்டுக்_கணக்கு

40 வருட மாடலில் 480 தடவை பெருக்குறீங்க.

#6 பொன்னி_எகனாமெட்ரிக்ஸ்

மருத்துவம், பார்மசி பக்கமிருந்து வர்றவங்க கவிழும் இடம் மைக்ரோ இல்லை, செலவுத் தரவு. பயோஸ்டாட்டில் டி-டெஸ்ட்டும் லாஜிஸ்டிக்கும் பழகினவங்க, செலவையும் நேராக லீனியர் ரெக்ரஷனில் போட்டுடுறாங்க. செலவு என்பது பாதிப் பேருக்குப் பூஜ்யம், நாலு பேருக்கு லட்சக்கணக்கில். அந்த நாலு பேர் கோட்டை எங்கேயோ இழுத்துட்டுப் போயிடுவாங்க.

"லாக் எடுத்துட்டேன், சரியாயிடுச்சு" என்பது அடுத்த பொறி. லாகில் கிடைத்த சராசரியைத் திரும்ப அடுக்காக்கினால் ரூபாய்ச் சராசரி வராது. எச்சத்தின் (மாடல் விளக்காமல் விட்ட மிச்சத்தின்) மாறுபாடு 1 என்றால், பிழைகள் நார்மலாக இருந்தாலே உண்மைச் சராசரி அதைப்போல 1.65 மடங்கு. நூறு ரூபாய்த் திட்டத்துக்கு அறுபது ரூபாய் பட்ஜெட் எழுதித் தந்த மாதிரி. டுவான் 1983-ல் சொன்ன "ஸ்மியரிங்" திருத்தம் ஒரு வழி. ஆனால் எச்சத்தின் மாறுபாடு குழுவுக்குக் குழு வேறானால் அதுவும் தப்பும். அதனால்தான் இரண்டு கட்ட மாடல்: செலவு ஆனதா என்பதற்கு லாஜிட், ஆனவங்களுக்கு எவ்வளவு என்பதற்குக் காமா குடும்பமும் லாக் இணைப்பும் கொண்ட ஜி.எல்.எம். (பொதுமைப்படுத்திய லீனியர் மாடல்). காமாதான் சரியா என்பதை மாற்றியமைத்த பார்க் சோதனையில் பார்த்து, அந்த எண்ணைப் பின்னிணைப்பில் போடுங்க. வைவாவில் கேட்பாங்க.

பழக இந்தியத் தரவு வேணும்னா என்.எஸ்.எஸ். (தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு) 75-வது சுற்று (ஜூலை 2017 – ஜூன் 2018), வீட்டுவாரித் தரவே இலவசமாகக் கிடைக்கும். மூணு எச்சரிக்கை. மல்டிப்ளையர் (ஒவ்வொரு வீட்டுக்கும் தரவில் தந்திருக்கும் எடை) போடாமல் எந்தச் சராசரியும் எடுக்காதீங்க. ஆஸ்பத்திரி அனுமதித் தரவில் பிரசவமும் கலந்திருக்கும். நோய்ச் செலவு கேட்டால் அதைப் பிரிச்சாகணும். புறநோயாளிச் செலவு கடந்த 15 நாளுக்குக் கேட்டது, அனுமதிச் செலவு 365 நாளுக்கு. 15 நாள் கணக்கை 24.33-ஆல் பெருக்கினால் மொத்தத் தொகைக்குச் சரி. ஆனால் அதே பெருக்கலை ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டு "நுகர்வில் 10 சதவீதத்தைத் தாண்டிய வீடுகள்" என்று எண்ணினால் கணக்கு கெட்டுப்போகும். அந்த இரண்டு வாரம் தற்செயலாக ஜுரம் வந்த வீடு வருஷம் முழுக்க ஜுரத்தில் கிடந்ததாகிவிடும், ஜுரம் வராத வீடு வருஷம் பூரா செலவே செய்யாததாகிவிடும்.

#7 மட்டுநகரான்

பொன்னி சொன்னதோடு ஒன்று. எகனாமெட்ரிக்ஸுக்கு ஆர் அல்லது ஸ்டேட்டா எப்படியும் வேணும். மாடலுக்கு முதலில் எக்செல்தான் நல்லது என்பது என் எண்ணம். ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணால் பார்க்கலாம், மேற்பார்வையாளரும் திறந்து பார்ப்பார். ஆரில் ஹீமோட், ஹெசிம், பி.சி.இ.ஏ. என்று தயார்நிலைப் பொதிகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் மாடல் எப்படி ஓடுது எண்டு விளங்காமல் பொதியை ஓட விட்டால் பிழை எங்கே எண்டு தேடவே தெரியாது.

வாழ்க்கைத் தர மதிப்பெண் விசயத்திலும் கவனம். ஈ.க்யூ-5டி வினாக்கொத்தின் மூன்று நிலை வடிவத்தில் 243 உடல்நிலைகள், ஐந்து நிலை வடிவத்தில் 3,125. ஒவ்வொரு நாட்டு மக்களும் அதற்குக் கொடுக்கும் மதிப்பு வேறு. இந்தியாவுக்கு ஐந்து நிலை மதிப்புத் தொகுதி 3,548 பேரிடம் எடுத்து 2022-ல் வந்துவிட்டது; ஆகக் கீழான நிலைக்கு −0.923. பழைய பிரித்தானிய மூன்று நிலைத் தொகுதியில் அதே இடம் −0.594. பக்கவாதத்துக்கு ஒன்றும், பக்கவாதத்துக்குப் பிந்தைய நிலைக்கு மற்றொன்றுமாக இரண்டு தொகுதியிலிருந்து எண் எடுத்தால், நோயின் வித்தியாசத்தையா நாட்டின் வித்தியாசத்தையா அளக்கிறீர்கள் எண்டு உங்களுக்கே தெரியாது. இலங்கைத் தலைப்பு எடுக்கிறவர்களுக்கு: எங்களுக்கு மூன்று நிலைத் தொகுதி 2015-லேயே இருக்கு, இந்தியத் தொகுதியைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

#8 வட்டிவீதம்

தலைப்பு பற்றி: செய்யலாம். ஆனால் "வீட்டுக்கு வந்து கொடுத்தால் பக்கவாதம் குறையும்" என்பதற்கு நேரடி ஆதாரம் தேடி உட்கார்ந்தால் ஆகஸ்ட் வந்துடும். சங்கிலியாகப் பிரிங்க. வீட்டு விநியோகம், அதனால் விடாமல் மாத்திரை, அதனால் அழுத்தக் குறைவு, அதனால் பக்கவாதக் குறைவு. கடைசிக் கண்ணிக்கு வலுவான எண் இருக்கு: 2016-ல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பாய்வில், மேல் அழுத்தம் 10 புள்ளி குறைந்தால் பக்கவாதத்தின் ஒப்பீட்டு அபாயம் 0.73 (0.68 முதல் 0.77 வரை). உங்க திட்டம் 4 புள்ளிதான் குறைக்குதுன்னா 27 சதவீதத்தை 0.4-ஆல் பெருக்காதீங்க, 0.73-இன் 0.4 அடுக்கு, அதாவது 0.88. நிச்சயமின்மைக்கு லாக்-நார்மல், லாக் அளவில் திட்டப் பிழை 0.032. முதல் கண்ணிகள்தான் பலவீனம். அதை மறைக்காமல் 1 முதல் 8 புள்ளி வரை மாற்றி ஒரு வரைபடம் போட்டால் அதுவே ஆய்வின் நல்ல பகுதியாகிடும்.

ஒப்பீட்டுக்கு எதை வைப்பீங்கன்னும் இப்பவே எழுதுங்க. "சிகிச்சையே இல்லை" என்பது ஒப்பீடு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாசாமாசம் போய் வாங்குவதுதான் ஒப்பீடு. அது இல்லாமல் போட்டால் மாத்திரையின் பலனையெல்லாம் விநியோகத்தின் பலனாகக் கணக்கில் எழுதிடுவீங்க.

#9 பார்ம்டி_கோவை

மூணு வாரமாக உட்கார்ந்து ஒரு பழகு மாடல் போட்டேன். நிலைகள்: அழுத்தம் மட்டும், பக்கவாதம், இறப்பு. தொடக்க வயசு 60, ஒரு வருடச் சுழற்சி, 30 வருடம். எண்கள் எல்லாம் சும்மா வைத்தவை, இறப்பு மட்டும் எஸ்.ஆர்.எஸ். (இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறை) சுருக்க ஆயுள் அட்டவணை வடிவத்தில். ரெண்டு பிரச்சினை:

ஒண்ணு, ரெண்டு பக்கத்துக்கும் குவாலி (தரம் சேர்த்த வாழ்நாள் ஆண்டு) கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வருது. ஐசர் (ஒரு கூடுதல் குவாலிக்கு ஆகும் கூடுதல் செலவு) பல கோடி. ஒப்பீட்டு அபாயத்தை 0.5 ஆக்கினாலும் அசையலை.

ரெண்டு, 10-வது வரிசையில் மூணு நிலையையும் கூட்டினால் 1.03 மாதிரி வருது. முதல் வரிசையில் சரியாக 1.

#10 ஈரோட்டுக்_கணக்கு

ரெண்டாவது சுலபம். "அழுத்தத்திலேயே இருப்பது" என்ற கட்டத்தில் எண்ணை நேராக அடிச்சிருக்கீங்க. உதாரணத்துக்கு, முதல் வருஷம் இருப்பது 0.955, பக்கவாதம் 0.015, இறப்பு 0.03, கூட்டல் 1. வயசாக ஆக இறப்பு 0.06 ஆகும்போதும் இருப்பது 0.955 ஆகவே நிக்குது. கூட்டல் 1.03. எங்கிருந்தோ ஆட்கள் புதுசாக முளைக்கிறாங்க. தங்கும் நிகழ்தகவை எப்பவும் "1 கழித்தல் மற்றதெல்லாம்" என்று சூத்திரமாக வைங்க. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சரிபார்ப்புக் கட்டம் போட்டு, 1 இல்லைன்னா சிவப்பாகட்டும்.

முதலாவதுக்கு இறப்பு நெடுவரிசையைப் பார்க்கணும். 60 வயசுக்கு என்ன எண் வைத்திருக்கீங்க?

#11 பார்ம்டி_கோவை

60–65 வரிசையில் இருக்கிற இறப்பு நிகழ்தகவு. பழகுவதற்காக 0.10-னு வச்சிருக்கேன்.

#12 ஈரோட்டுக்_கணக்கு

அங்கேதான். சுருக்க அட்டவணையில் 60–65 என்பது ஐந்து வருட நிகழ்தகவு. 60 வயதுக்காரர் 65 தொடும் முன் இறக்கும் வாய்ப்பு. அதை ஒவ்வொரு வருஷமும் போட்டிருக்கீங்க. 0.9-இன் 10 அடுக்கு 0.35, அதாவது பத்து வருஷத்தில் மூணில் ரெண்டு பேர் காலி. அதே 0.10 பத்து வருஷத்துக்கும் இருந்தாலும் சரியான கணக்கில் 0.9-இன் 2 அடுக்கு, 0.81 பேர் இருக்கணும். ஆண்டு நிகழ்தகவு 1 கழித்தல் 0.9-இன் 1/5 அடுக்கு, 0.0209.

குவாலி அசையாததும் இதனால்தான். பக்கவாதத்தைத் தடுத்துக் கிடைக்கிற பலன் பின்னால் வருகிற வருஷங்களில்தான் சேரும். உங்க மாடலில் அந்த வருஷங்களுக்கு ஆளே இல்லை. செலவு முதல் வருஷத்திலிருந்தே ஏறுது, பலன் வரும்போது எல்லாரும் போயாச்சு. ஐசர் கோடியில் நிக்காமல் என்ன செய்யும்.

#13 வட்டிவீதம்

இதைப் பிடிக்க ஒரு நிமிஷச் சோதனை உண்டு. வாழ்க்கைத் தர மதிப்பெல்லாம் 1, டிஸ்கவுண்ட் (பின்னால் வரும் செலவையும் பலனையும் குறைத்து மதிப்பிடும் வீதம்) 0, பக்கவாத நிகழ்தகவு 0 என்று வைத்து ஓட விடுங்க. வருகிற மொத்தம், அட்டவணையில் 60 வயதுக்கான எதிர்பார்ப்பு ஆயுளுக்குப் பக்கத்தில் இருக்கணும். உங்க 30 வருட எல்லையால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரண்டாவது சோதனை: ஒப்பீட்டு அபாயத்தை 1 ஆக்கினால் இரண்டு பக்க குவாலியும் கடைசித் தசமம் வரை ஒன்றாகணும். ஆகலைன்னா எக்செல் சூத்திரத்தில் எங்கோ ஒரு கட்டம் டாலர் குறி இல்லாமல் நகர்ந்திருக்கு.

இன்னொன்று. எஸ்.ஆர்.எஸ். இறப்பில் பக்கவாத இறப்பும் ஏற்கெனவே உள்ளே இருக்கு. நீங்க பக்கவாத நிலைக்குத் தனியாக இறப்பு கூட்டினால் அது இருமுறை எண்ணப்படும். பக்கவாதத்தின் பங்கை மொத்தத்திலிருந்து கழிச்சிட்டு மீதியைப் பின்னணி இறப்பாக வைங்க.

மூணு நிலை போதாது என்றும் சொல்லணும். பக்கவாதம் வந்த முதல் வருஷச் செலவும் இறப்பும் வேறு, அடுத்த வருஷங்கள் வேறு. மார்க்கோவுக்கு ஞாபகசக்தி கிடையாது. பக்கவாத நிலையில் உட்கார்ந்திருப்பவர் நேற்று வந்தவரா பத்து வருஷத்துக்கு முன் வந்தவரா என்று அதுக்குத் தெரியாது. "முதல் ஆண்டு", "பிறகு" என்று இரண்டாகப் பிரிங்க. முதலாண்டு நிலையில் யாரும் தங்கக் கூடாது: ஒன்று "பிறகு", இல்லையென்றால் இறப்பு. திரும்பப் பக்கவாதம் வருவதை விடுவதாக இருந்தால் விட்டதை எழுதிடுங்க.

#14 நெல்லை_காஸ்டிங்

செலவுப் பக்கம் யாரும் வரலையே. அதுதான் இந்த டிசர்ட்டேஷனில் அடி வாங்கப் போற இடம்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகையை எடுத்து "பக்கவாதச் சிகிச்சைச் செலவு" என்று போடாதீங்க. அது விலை. அரசு கொடுக்க ஒத்துக்கிட்ட தொகை. அரசு ஆஸ்பத்திரியில் படுக்கைக்கும் செவிலியருக்கும் ஆகிற செலவு அதில் தெரியாது. சண்டிகர் பி.ஜி.ஐ.யின் தேசியச் செலவுத் தரவுத்தளத்தில் முதலில் தேடுங்க. நம்ம ஊர் எண் கிடைக்காவிட்டாலும் முறையும் வரம்பும் கிடைக்கும். மருந்துக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் விலை. கடை விலை வைத்தால் அரசுத் திட்டத்தின் செலவு பல மடங்கு ஊதிக் காட்டும்.

வீட்டு விநியோகச் செலவில் விட்டுப்போகிறவை: பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கு ஊக்கத்தொகை என்று ஒரு வரி எழுதி முடிச்சிடுவாங்க. அவங்களை மேற்பார்க்கும் செவிலியரின் நேரம், பயிற்சி, ரத்த அழுத்தக் கருவி, பதிவு செய்யும் மொபைல் செயலிக்கான செலவு எங்கே? அவங்க சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கிறாங்க, இயன்முறை, நோய்த்தணிப்புக் குழுக்களும் அதே திட்டத்தில் ஓடுது. மொத்தத் திட்டச் செலவை எல்லாம் ரத்த அழுத்தத்தின் தலையில் கட்டினாலும் தப்பு, ஒண்ணுமே கட்டாட்டியும் தப்பு. வீட்டுச் சந்திப்பில் எத்தனை நிமிஷம் எதுக்குன்னு பிரிக்கிறதுதான் நியாயமான அடிப்படை. அந்தப் பங்கீட்டை மாற்றினால் ஐசர் எவ்வளவு ஆடுதுன்னும் காட்டுங்க.

கருவியின் விலையை ஆயுளால் வகுக்காதீங்க. 5 லட்ச ரூபாய்க் கருவி, 5 வருட ஆயுள், 3 சதவீதம் என்றால் வருடாந்திரக் காரணி 4.58. ஆண்டுச் செலவு சுமார் 1,09,177 ரூபாய், ஒரு லட்சம் இல்லை. அந்த ஒன்பதாயிரம் கையிலிருந்த பணம் வேறெங்கும் போகாமல் கருவியில் முடங்கியதன் விலை.

#15 மட்டுநகரான்

அரச வைத்தியசாலையில் பில்லே இல்லை எண்டால் மேலிருந்து கீழே இறக்கிற முறைதான். எங்கட பக்கமும் இதே தலையிடி. முழு வைத்தியசாலையின் ஆண்டுச் செலவை எடுத்து, சலவையைத் துணியின் கிலோவாலும், மின்சாரத்தைத் தரைப் பரப்பாலும், நிர்வாகத்தை ஆளணி எண்ணிக்கையாலும் வாட்டுகளுக்குப் பங்கிட்டு, பிறகு படுக்கை நாளால் வகுக்கிறது. சம்பளம்தான் பெரிய பங்கு, அதால சலவைப் பங்கீட்டில ஒரு கிழமை செலவழிக்க வேண்டாம். வைத்தியரின் நேரம் வாட்டுக்கும் வெளிநோயாளர் பிரிவுக்கும் எப்படிப் பிரியுது எண்டதில கவனத்தை வையுங்கோ.

#16 பார்ம்டி_கோவை

நேரில் போய் இந்தத் தரவை எடுக்கலாமா? ஜூனில் ஊருக்கு வர முடியும்.

#17 நெல்லை_காஸ்டிங்

வேண்டாம். இங்கிலாந்து எம்.எஸ்சி 180 கிரெடிட், டிசர்ட்டேஷன் பெரும்பாலும் அதில் 60. கோடையில் மூணு மாசம். இங்கே ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டி, இயக்குநரக அனுமதி, அங்கே பல்கலைக்கழகத்தின் எத்திக்ஸ். மூணும் வரிசையாக வந்து முடியும்போது சமர்ப்பிக்கும் தேதி தாண்டியிருக்கும். வெளியான தரவை மட்டும் வைங்க. அதுக்கும் பல்கலைக்கழகப் படிவம் நிரப்பணும், "விலக்கு" என்று ஒரு கடிதம் வரும். அதைப் பின்னிணைப்பில் சேர்க்க மறக்கிறவங்க உண்டு.

#18 திருச்சி_வாசகன்

ஒரு சந்தேகம். எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் "தகுந்தது" என்று சொல்வீங்க? உலக சுகாதார நிறுவனம் தலா ஜி.டி.பி.யின் மூணு மடங்கு என்று சொன்னதாக ஞாபகம்.

#19 வட்டிவீதம்

அந்த மூணு மடங்கைத் தொடாதீங்க. அதை முடிவெடுக்கும் விதியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த நிறுவனத்துக்காரர்களே 2016-ல் எழுதிட்டாங்க. மூணு மடங்கு வைத்தால் கிட்டத்தட்ட எதுவும் தேறிடும். 2017-ல் தொடங்கின எச்.டி.ஏ.இன் (HTAIn, இந்திய அரசின் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு) தந்த இந்திய வழிகாட்டி ஒரு மடங்கு தலா ஜி.டி.பி.யை வைக்குது, டிஸ்கவுண்ட் செலவுக்கும் பலனுக்கும் 3 சதவீதம். இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சை பணத்துக்குத் தகுந்ததுன்னு பரிந்துரைக்கும் நைஸ் (NICE) அமைப்பு, ஒரு குவாலிக்குப் பல வருஷம் 20,000–30,000 பவுண்டு என்று வைத்திருந்தது, டிஸ்கவுண்ட் 3.5.

#20 பொன்னி_எகனாமெட்ரிக்ஸ்

ஒரு மடங்கும் எனக்கு ஒப்பு இல்லை. ஜி.டி.பி. என்பது நாட்டின் வருமானம். கேள்வி, சுகாதார பட்ஜெட்டில் இந்தப் பணத்தை எடுத்தால் வேறு எங்கே எவ்வளவு ஆரோக்கியம் போகுது என்பது. இங்கிலாந்தில் கிளாக்ஸ்டன் குழு 2015-ல் அதைத் தரவிலிருந்து கணக்கிட்டது; ஒரு குவாலிக்குச் சுமார் 13,000 பவுண்டு. அதிகாரபூர்வ எண்ணைவிட ரொம்பக் கீழே. 20,000 பவுண்டுக்கு ஒரு குவாலி வாங்கினால், இன்னொரு வார்டில் ஒன்றரை குவாலி போயிருக்கும் என்று அர்த்தம். இந்தியாவில் பொதுச் செலவே குறைவு. வரம்பு ஒரு மடங்குக்கும் கீழே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

#21 வட்டிவீதம்

கொள்கையாகச் சரி. மாணவர் டிசர்ட்டேஷனில் தானாக ஒரு வரம்பு கண்டுபிடிக்க முடியாது. வழிகாட்டி சொன்ன ஒரு மடங்கை அடிப்படையாக வைத்து, பாதி மடங்கில் முடிவு மாறுதா என்று பக்கத்திலேயே காட்டினால் இரண்டு பேரும் திருப்தி.

#22 பொன்னி_எகனாமெட்ரிக்ஸ்

திருப்தி என்று சொல்ல மாட்டேன். சரி, காட்டட்டும்.

#23 ஈரோட்டுக்_கணக்கு

வரம்பை விட்டுட்டு, ஐசர் கணக்கையே தப்பாகப் போடுறதைப் பேசுவோம். இரண்டுக்கு மேல் வழிகள் இருந்தால் எல்லாத்தையும் "இப்போதைய முறை"யோடு ஒப்பிடுவாங்க. பாருங்க:

இப்போதைய முறை: 20,000 ரூபாய், 5.00 குவாலி
வழி ஆ: 50,000, 5.10
வழி இ: 80,000, 5.40
வழி ஈ: 1,00,000, 5.35

முதல் வரியோடு ஒப்பிட்டால் வழி ஈ-க்கு 80,000 வகுத்தல் 0.35, சுமார் 2.29 லட்சம். "பரவாயில்லை" என்று எழுதிடுவாங்க. ஆனால் இ அதைவிட மலிவு, பலனும் அதிகம். ஈ ஆட்டத்திலேயே இல்லை. அடுத்து ஆ: முதல் வரியிலிருந்து 3 லட்சம். ஆ-விலிருந்து இ-க்கு 1 லட்சம்தான். ஏறும்போது ஐசர் இறங்கினால் இடையில் உள்ளது தள்ளுபடி. மிஞ்சுவது இ மட்டும், முதல் வரியோடு ஒப்பிட 60,000 வகுத்தல் 0.40, 1.5 லட்சம். செலவு வாரியாக அடுக்கி, அடுத்தடுத்து ஒப்பிடணும். கணக்கு அஞ்சாம் வகுப்புக் கழித்தல் வகுத்தல்தான், தப்புவது வரிசையில்.

உங்க தலைப்பில் மூணாவது வழி சேர்த்தால் இது வரும்: வீட்டுக்குத் தராமல் நிலையத்திலேயே மூணு மாச மாத்திரை மொத்தமாகக் கொடுப்பது. அதைச் சேர்க்காமல் விட்டால் பரிசோதகர் கேட்பார்.

#24 பார்ம்டி_கோவை

மூணாவது வழியைச் சேர்க்கிறேன். நிகழ்தகவு சென்சிடிவிட்டி அனாலிசிஸ் (எல்லா எண்களையும் சமவாய்ப்பாக மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது) எக்செலில் எப்படி? ஆயிரம் தடவை எஃப்9 அழுத்தணுமா?

#25 ஈரோட்டுக்_கணக்கு

:) இல்லை. டேட்டா டேபிள். இடப்பக்க நெடுவரிசையில் 1 முதல் 1,000 வரை, மேலே செலவு, குவாலி முடிவுக் கட்டங்களுக்கு இணைப்பு, "Column input cell" கேட்கும் இடத்தில் எதுவுமில்லாத ஒரு வெற்றுக் கட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் எக்செல் மறுபடி கணக்கிடும், சமவாய்ப்பு எண்கள் மாறும். அதுக்கு முன்னாடி கணக்கிடுதலை மேனுவலுக்கு மாத்திடுங்க. மறந்தால் ஒரு எழுத்து அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஆயிரம் முறை ஓடி லேப்டாப் உறைஞ்சிடும். முடிவு வந்ததும் மதிப்பாக ஒட்டி வைங்க.

பரவல்கள்: 100 பேரில் 20 பேருக்கு நிகழ்ந்ததுன்னா பீட்டா (20, 80). செலவுச் சராசரி 10,000, திட்டப் பிழை 2,000 என்றால் காமா, வடிவம் 25, அளவு 400. இங்கே திட்ட விலக்கத்தைப் போட்டுட்டு திட்டப் பிழை என்று நினைக்கிறது தினசரித் தப்பு. 400 பேர் தரவில் 20 மடங்கு பெரிசாகிடும், வரைபடத்தில் புள்ளி மேகம் முழுத் திரையையும் மூடிடும். ஒரு நிலையிலிருந்து மூணு பக்கம் பிரிந்தால் தனித்தனி பீட்டா வேண்டாம், டிரிக்லே. இல்லைன்னா சில ஓட்டங்களில் தங்கும் நிகழ்தகவு மைனஸாகும்.

ஆயிரம் ஐசரை வரிசைப்படுத்தி 2.5, 97.5 சதமானம் எடுத்து நம்பக இடைவெளின்னு எழுதாதீங்க. மைனஸ் ஐசர் ரெண்டு வகை: செலவு குறைந்து பலன் கூடினதும், செலவு கூடி பலன் குறைந்ததும். ஒண்ணு ரொம்ப நல்லது, ஒண்ணு ரொம்ப மோசம், எண் ஒரே மாதிரி இருக்கும். வரம்பால் குவாலியைப் பெருக்கி செலவைக் கழிச்சு நிகரப் பலன் எடுங்க. எத்தனை ஓட்டத்தில் எந்த வழிக்கு நிகரப் பலன் அதிகம்னு எண்ணி வளைவு வரைங்க.

#26 மட்டுநகரான்

எழுதத் தொடங்கும்போது சியர்ஸ் 2022 (CHEERS, இத்தகைய ஆய்வை எழுதுவதற்கான வழிகாட்டி) தரும் 28 அம்சப் பட்டியலைத் திறந்து வையுங்கோ. முடிஞ்ச பிறகு பார்த்தால் விலையாண்டு, நாணயம், யாரின் பார்வையில் செலவு எண்டதெல்லாம் எழுதாமல் விட்டிருப்பீங்கள். இந்திய வழிகாட்டி கேட்பது பிரித்துக் காட்டிய சமூகப் பார்வை: அரசின் செலவு தனியாக, நோயாளியின் பஸ் காசும் இழந்த கூலியும் தனியாக. உங்கட தலைப்பில நோயாளிப் பக்கம்தான் பெரிசாய்க் குறையப் போகுது, அதை அரசுச் செலவோட கலந்துவிட்டால் கதை மறைஞ்சு போகும்.

#27 பார்ம்டி_கோவை

இறப்பை ஆண்டுக்கு மாற்றினேன். தங்கும் நிகழ்தகவு சூத்திரமாயிடுச்சு, 30 வரிசையும் 1. அபாயம் 1 வைத்தால் ரெண்டு பக்கமும் ஒண்ணு. ஐசர் லட்சத்துக்கு இறங்கிடுச்சு. பக்கவாதத்தை ரெண்டு நிலையாகப் பிரிச்ச புது ஃபைலை மேலே இணைத்திருக்கேன், ஒரு பார்வை பார்க்க முடியுமா?

#28 ஈரோட்டுக்_கணக்கு

பார்த்தேன். "முதல் ஆண்டு" நிலையில் 0.1 பேர் அங்கேயே தங்குறாங்க, அதைப் பூஜ்யமாக்குங்க. அரைச் சுழற்சித் திருத்தம் (நிலை மாற்றம் சுழற்சியின் நடுவில் நடப்பதாக வைப்பது) குவாலிக்கு இருக்கு, செலவுக்கு இல்லை. செலவு டிஸ்கவுண்ட் 3, குவாலி டிஸ்கவுண்ட் இன்னும் 3.5-ல் நிக்குது, 30-வது வருஷத்தில் 0.412-க்குப் பதிலாக 0.356 பெருக்குறீங்க. இன்புட் ஷீட்டில் ஒரே கட்டம் வைத்து ரெண்டுக்கும் அதிலிருந்து இழுங்க.